மூன்று புள்ளிதானே

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் ஆசாத் அந்த இயந்திரத்தைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எந்தக் கைக்குழந்தையும் முப்பது கிலோ இருக்காது, சட்டையில் கிரீஸும் பூசாது என்பது வேறு விஷயம். திண்டுக்கல் பேருந்தின் நடத்துநர் படியில் நின்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பாய் இது?"

"தையல் மிசினு மாதிரி ஒண்ணு."

"மாதிரின்னா?"

"இது மரத்த அறுக்கும்."

"அறுக்கறதுக்கும் தைக்கிறதுக்கும் என்ன பாய் சம்பந்தம்?"

பார்வைக்கு அது தையல் இயந்திரம் போலத்தான் இருந்தது. கீழே ஒரு சின்ன இரும்பு மேசை, மேலே நீண்டு வளைந்த ஒரு கை, தையல் மிஷினில் ஊசி இருக்கும் இடத்தில் நூல் போல மெல்லிய ரம்பம். மோட்டார் ஓடினால் ரம்பம் மேலும் கீழும் ஆடும். பலகையை அதன் முன்னால் வைத்துத் திருப்பித் திருப்பி நகர்த்தினால் பூ, மயில், எழுத்து என்று எந்த வளைவையும் வெட்டி எடுக்கலாம். ஸ்க்ரோல் சா என்று பெயர். ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே அதில் யானை வெட்டுவதை ஆசாத் கைபேசியில் பார்த்திருந்தார். அதோடு அவருடைய அனுபவம் முடிந்தது.

விற்றவள் ஜெஸ்ஸி என்ற நர்ஸ். அவள் புருஷன் ரொனால்டு அதை ஆசையாக வாங்கிய அடுத்த மாதமே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டானாம். மூன்று வருடமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. ஆசாத் போனபோது அதன் மேசைமேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்று கோழியை விரட்டியபடி சொன்னாள் ஜெஸ்ஸி. "ஓடுச்சுன்னா மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. அந்த மனுசன வெறுப்பேத்தணும்."

திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது ரிஃபாத் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். புருஷன் கொண்டுவந்து இறக்கிய துருப்பிடித்த இரும்பைப் பார்த்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த கோழி இறகையும் பார்த்தாள்.

"இத வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"ஒனக்குப் போர்டு செய்யப் போறேன். மரத்துல. பேர வெட்டி."

"பிளெக்ஸ் அடிக்கச் சொன்னா சாயங்காலமே குடுத்துருவான்."

"பிளெக்ஸு ஒரு கோடைக்குத் தாங்காது. வெயில்ல வெளுத்துரும்."

"நானுந்தான் வெளுத்துப் போயிட்டேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் திங்கட்கிழமை அன்று, வீட்டு முன்னறையில் ரிஃபாத் தமிழ் வகுப்பு தொடங்கப் போகிறாள். அவளுக்கு நாற்பத்தேழு வயது. மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான், அவன் அறை சும்மா கிடக்கிறது. தெருவில் பாதிப் பிள்ளைகள் தமிழில் தோற்கிறார்கள். பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

போர்டு செய்ய ஒரு மனிதர் இயந்திரம் வாங்குவாரா என்று கேட்டால், வாங்க மாட்டார்தான். பெல்ட்டுக்கும் செருப்புக்கும் தோல் வெட்டிப் பிழைக்கிற ஆசாத்துக்கு மரத்தோடு எந்த உறவும் கிடையாது. ஆனால் அந்தப் பெயரை அவர் தன் கையால்தான் வெட்டியாக வேண்டும். காரணம் அவருக்கு மட்டுமே தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ரிஃபாத்துக்கு வேலை கிடைத்தது. தமிழ் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தாள். ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு சிக்கல். பட்டத்தில் 'ரிஃபாத்' என்று இருந்தது, பள்ளிச் சான்றிதழில் 'ரிபாத்' என்று இருந்தது. நடுவில் இருக்கும் ஆய்த எழுத்து, அந்த மூன்று புள்ளி, எந்தப் புண்ணியவானின் பேனாவிலோ விடுபட்டுப் போயிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு தாள் வாங்கி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கச் சொன்னார்கள். அப்போது அவள் பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை. நாற்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக்கூடாது. விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதி, சான்றிதழ்களை உறையில் போட்டு ஆசாத்திடம் கொடுத்தாள்.

அந்த வாரம் பட்டறையில் சரக்கு வந்து குவிந்திருந்தது. "மூணு புள்ளிதானே, ஓடியா போயிரும்" என்றார் ஆசாத். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு போகலாம் என்று நினைத்து, அப்படியே சரக்கில் உட்கார்ந்துவிட்டார். அவர் உறையை எடுத்துக்கொண்டு போனது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமையே வேறு ஒரு அம்மாவுக்கு ஆணை கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, "போனேன். ஆள் போட்டுட்டாங்களாம்" என்று சொன்னார்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போனார். ஆள் போட்டிருந்தார்கள். என்றைக்குப் போனார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ரிஃபாத்தும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே "சரி" என்றாள். அந்தச் 'சரி' ஆசாத்தின் தொண்டையில் இருபத்திரண்டு வருடமாக மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நல்ல மனிதர், கை நீட்டாதவர், தொழுகை தவறாதவர் என்று தெருவே சொல்லும். மனைவியிடம் ஒரு தேதியைச் சொல்ல மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூன்று புள்ளியும் சரியாக இருக்கிற ஒரு போர்டைத் தன் கையால் செய்து, வகுப்புத் தொடங்கும் அன்று மாட்டிவிட்டு, அந்தச் சூட்டிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது. வெறுங்கையோடு போய்ச் சொல்ல அவரால் முடியாது. அவர் அப்படிப்பட்ட கோழைதான், அவருக்கே தெரியும்.

முதல் நாலு நாள் துருவோடு போனது. மண்ணெண்ணெய் விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேசையை முகம் தெரியும் அளவுக்கு ஆக்கினார். மோட்டார் உறுமியது, கை அசையவில்லை. மூட்டுகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்ட பிறகு கை ஆடத் தொடங்கியது. ரம்பத்துக்கு இரும்புக்கடை இரும்புக்கடையாக அலைந்தார். எல்லோரும் குழாய் அறுக்கிற பிளேடைத்தான் எடுத்து நீட்டினார்கள். கடைசியில் ப்ளைவுட் கடை இளஞ்செழியன்தான் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு டஜன் வரவழைத்துக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு ப்ளைவுட் துண்டை வைத்து சுவிட்சைப் போட்டார். பலகை துள்ளிக் குதித்தது. மேசையில் 'தடதட' என்று அடித்தது. அழுத்திப் பிடித்தால் இன்னும் வேகமாகக் குதித்தது. அடுப்படியிலிருந்து ரிஃபாத் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"நீங்க மரத்த அறுக்குறீங்களா, மரம் ஒங்கள அறுக்குதா?"

"செத்த நேரம் இரு, பழகிரும்."

பழகவில்லை. ஒரு மணி நேரம் போராடியபின் ரம்பத்தைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். பல்லெல்லாம் மேலே பார்த்திருந்தது. தலைகீழாக மாட்டியிருக்கிறார். கீழ்ப்பக்கம் இழுக்க வேண்டிய பல், பலகையை மேலே தூக்கித் தூக்கி எறிந்திருக்கிறது. திருப்பி மாட்டியதும் பலகை சமர்த்தாக மேசையில் படுத்தது. ஆசாத் யாரும் பார்க்கவில்லை என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வினை அவருடைய தொழிலிலிருந்தே வந்தது. தோல் வெட்டுகிறவனுக்குத் தோல் அசையாமல் கிடக்கும், கத்திதான் போகும். முப்பது வருடமாகக் கத்தியைத் திருப்பிப் பழகிய கை அவருடையது. இங்கே கத்தி நின்ற இடத்தில் நிற்கிறது, பலகையைத்தான் திருப்ப வேண்டும். அவர் கை அதை ஒப்புக்கொள்ளவில்லை. வளைவு வந்ததும் தன்னையறியாமல் ரம்பத்தை நெட்டித் தள்ளினார். அது 'பட்' என்று ஒடிந்தது. ஒரே மத்தியானத்தில் ஏழு ரம்பம் போயிற்று.

எட்டாவதை மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அதன் இழுவையைச் சரிபார்க்க விரலால் சுண்டியபோது தம்பூராக் கம்பி போல 'டிங்' என்றது. ரம்பத்துக்கு அவசரம் இல்லை, தனக்குத்தான் அவசரம் என்று அப்போது தோன்றியது. பிறகு தள்ளாமல், பலகையை அதன் போக்குக்கு விட்டு விட்டுத் திருப்பினார். சாயங்காலத்துக்குள் ஒரு மாங்காய் வந்தது. ரிஃபாத் அதைக் கொய்யா என்றாள். எப்படியோ பழ இனம் என்று தெரிந்ததே பெரிது என்று விட்டுவிட்டார். ஜெஸ்ஸிக்கு போன் போட்டு "ஓடுதும்மா" என்றார். அவள் வெற்றிக் குரலில் சிரித்தது வத்தலக்குண்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

பத்தாம் நாள் ஒரு பெரிய தாளைக் கொண்டுபோய் ரிஃபாத் முன்னால் வைத்தார்.

"ஒன் பேர பெருசா எழுதிக் குடு. அதப் பாத்துத்தான் வெட்டணும்."

அவள் பட்டையாக எழுதும் மார்க்கரை வாங்கி எழுதினாள். ரி எழுதினாள். அடுத்து மூன்று புள்ளி வைத்தாள். ஒவ்வொன்றையும் வட்டமாகச் சுற்றி, உள்ளே நிரப்பி, நிதானமாக வைத்தாள். ஆசாத் வேறு எங்கேயோ பார்த்தார். பாவும் த்-தும் எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

தாளை நகலெடுத்து, ப்ளைவுட்டில் ஒட்டி வெட்டத் தொடங்கினார். ரி அழகாக வந்தது. பா-வுக்கு இரண்டு துண்டு, வந்தது. ஆய்தத்துக்கு வந்தபோதுதான் ஆட்டம் தொடங்கியது. கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும் வட்டத்தைச் சுற்றி வெட்டி முடிக்கிற நொடியில், ரம்பம் அதை ஒரு சுண்டு சுண்டி எங்காவது அனுப்பிவிடும். ஒன்று ஜன்னல் கம்பியில் பட்டுத் தெருவுக்குப் போனது. ஒன்று பீரோவுக்கு அடியில் போனது. ஒன்று அவர் கண்ணாடியில் அடித்தது. த்-தின் தலையில் இருக்கும் புள்ளி வேறு, அது நாலாவது. அந்த யானை வெட்டிய வெள்ளைக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் எழுத்தில் எங்கோ ஒன்றிரண்டுக்குத்தான் தலையில் புள்ளி. தமிழனுக்குப் பெயருக்குப் பெயர் புள்ளி, அதுவும் காற்றில் நிற்கிற புள்ளி.

இரண்டு நாளில் பதினெட்டுப் புள்ளி வெட்டினார். விரலில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி. கையில் மிஞ்சியவற்றில் எந்த மூன்றும் ஒரே அளவில் இல்லை. காலையில் வீடு கூட்டிய ரிஃபாத், மேசைமேல் இரண்டு வட்டங்களைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒங்க புள்ளி கெடந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆசாத்துக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

அன்று இளஞ்செழியன் கடையில் போய்ப் புலம்பினார். இளஞ்செழியன் சுத்தத் தமிழ் பேசவேண்டும் என்று கொள்கை வைத்திருப்பவன். கோபம் வந்தால் மட்டும் கொள்கையை மறந்துவிடுவான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. 'ஃப'ன்னு ஒரு ஓசையே தமிழுக்குக் கெடையாது. பின்னாடி சேத்துக்கிட்டதுதான். ரிபாத்துன்னே வைங்க. புள்ளித் தொல்லையும் விட்டுச்சு, நல்ல தமிழாவும் ஆச்சு."

"அவ தமிழ் படிச்சவப்பா."

"அப்ப அவங்களுக்கே தெரியுமுல்ல? மூணு எழுத்தையும் கீழ ஒரு பட்டையில சேத்து வெட்டுங்க. த்-துக்கு மேல இருக்க புள்ளிக்கு ஒரு காம்பு விட்டுருங்க. ஒரே துண்டா நிக்கும். போற வாறவன் எவனாச்சும் நின்னு ஆய்தம் எங்கன்னு கேக்கப் போறானா?"

கேட்க மாட்டான்தான். ஆசாத் வீட்டுக்கு வந்து அப்படியே வெட்டினார். ரி, பா, த், கீழே ஒரு பட்டை, புள்ளிக்கு ஒரு காம்பு. முதல் முயற்சியிலேயே ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, வெயிலில் வைத்தார். இந்தப் பதின்மூன்று நாளில் அவர் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மனதுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. வார்னிஷ் இன்னும் காயவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ரிஃபாத் துணி எடுக்க வந்தவள் பலகையின் முன்னால் நின்றாள். தலையைச் சாய்த்து வாசித்தாள்.

"நல்லா இருக்கே" என்றாள். "யாரு பேரு இது?"

ஆசாத் நிமிர்ந்தார். அவள் கேலி செய்கிறாளா, கோபப்படுகிறாளா என்று முகத்தைப் பார்த்தார். இரண்டும் இல்லை. அடுத்த வீட்டுப் போர்டை விசாரிப்பதுபோல் விசாரித்தாள். துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆசாத் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து, பரிகாரம் செய்கிறேன் என்று கிளம்பி, அதே மூன்று புள்ளியை மூணு புள்ளிதானே என்று நினைத்து மறுபடியும் விட்டிருக்கிறார். அன்றைக்குச் சரக்கு அவசரம், இன்றைக்கு ரம்பம் சரியில்லை. சாக்குதான் மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை. அன்று எந்தக் குமாஸ்தாவோ விட்ட புள்ளியை இப்போது வீட்டுக்காரனே விட்டிருக்கிறான். அவளை யாரோ ஒருத்தி ஆக்கிவிட்டான்.

பலகையை எடுத்துக்கொண்டு போய் விறகோடு வைத்தார்.

மறுநாள் பட்டறையில் பெல்ட்டுகளுக்குத் துளை போடும் வேலை. கையில் பஞ்ச், பக்கத்தில் சுத்தியல். ஒரு தட்டு, ஒரு துளை. ஐந்தாறு பெல்ட் முடிந்திருக்கும். கையை நிறுத்திவிட்டு அந்தத் துளைகளையே பார்த்தார். பெல்ட்டில் யாரும் புள்ளியை ஒட்டவைப்பதில்லை. தோலை எடுத்துவிடுகிறோம், எடுத்த இடமே புள்ளியாக நிற்கிறது. அது எங்கேயும் பறந்து போகாது, ஏனென்றால் பறந்து போக வேண்டியது ஏற்கெனவே போய்விட்டது. எழுத்தை வெட்டி எடுத்துப் பலகையைத் தூக்கிப் போடுவதற்குப் பதில், பலகையை வைத்துக்கொண்டு எழுத்தைத் தூக்கிப் போட்டால் என்ன?

பாதி வேலையில் எழுந்தவர் நேராக இளஞ்செழியன் கடைக்குப் போய் அரை இஞ்சு கனத்தில் ஒரு தேக்குப் பலகை கேட்டார்.

"ஆய்தத்த விட்டீங்களாண்ணே?"

"விடல. அத வச்சுத்தான் ஆரம்பிக்கப் போறேன்."

ரிஃபாத் எழுதிய தாளின் நகலைத் தேக்கில் ஒட்டினார். உள்ளே வெட்டுவதற்கு வேறு முறை இருக்கிறது. முதலில் எழுத்துக்குள் ஒரு துளை போட்டு, ரம்பத்தின் ஒரு முனையைக் கழற்றி அந்தத் துளை வழியே நுழைத்து, மறுபடி மாட்டி, சுண்டிப் பார்த்து, அதன்பிறகுதான் வெட்ட வேண்டும். எழுத்துக்கு எழுத்து இதே சடங்கு. ரி-க்கு ஒரு முறை, ப-வுக்கு ஒரு முறை, காலுக்கு ஒரு முறை, த-வுக்கு ஒரு முறை, அதன் தலைப்புள்ளிக்கு ஒரு முறை. த-வுக்குள் இருக்கும் சின்ன வட்டம் விழுந்துவிடாமல் இருக்க, ஓரத்தில் ஒரு நெல் அகலத்துக்கு மரத்தை விட்டுவைத்தார்.

ஆய்தத்துக்கு ரம்பமே தேவைப்படவில்லை. துளைப்பானில் பெரிய முனையை மாட்டி மூன்று முறை அழுத்தினார். மரத்தூள் சுருண்டு வெளியே வந்தது. மூன்று புள்ளி. ஒரே அளவில், ஒரே நிதானத்தில், நகராமல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆசாத் துளைப்பானை நிறுத்தினார். அன்றைக்கும் இவ்வளவுதான். நோட்டரி வீட்டுக்குச் சைக்கிளில் கால் மணி நேரம், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கால் மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை வெட்டி எடுத்த இடத்தில்தான் அவள் இருபத்திரண்டு வருடம் இருந்திருக்கிறாள். அழ வேண்டும் போல இருந்தது. பலகையில் மரத்தூள் இருந்ததால் ஊதிக்கொண்டிருந்தார்.

பலகைக்குப் பின்னால், பட்டறையில் இருந்ததிலேயே நல்ல தோலை, காய்ந்த மிளகாய் நிறத்தில், இழுத்து வைத்து அடித்தார். தேக்கின் நடுவே ரிஃபாத் என்ற பெயர் சிவப்பாகத் தெரிந்தது. கீழே 'தமிழ் வகுப்பு' என்று அவளையே தூரிகையால் எழுதச் சொன்னார். அவள் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்று துளையிலும் விரல் நுனி ஒரு முறை இறங்கி ஏறியது. பிறகு தூரிகையை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் போர்டை மாட்டினார். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். இளஞ்செழியன் வந்து, "அண்ணே, நம்ம யோசனையவிட இது மேல்தான்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு போனான். எல்லோரும் போன பிறகு ரிஃபாத் வாசலுக்கு வந்தாள். புதுச் சேலை கட்டி, கையில் வருகைப் பதிவேடு வைத்திருந்தாள்.

"நல்லா வந்துருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். ஆசாத் காத்திருந்தார். போர்டு தனக்காகப் பேசிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தார் போலும். மூன்று புள்ளியைப் பார்த்ததும் அவளே எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, அவரைச் சொல்லவிடாமல் தடுத்து, போதும் என்று சொல்லிவிடுவாள் என்று. பலகை பலகையாகத்தான் இருந்தது. அவள் உள்ளே திரும்பினாள்.

"ரிஃபாத்து."

நின்றாள்.

"அந்த உறைய நான் வெள்ளிக்கெழம கொண்டு போகல" என்றார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "செவ்வாக்கெழமதான் போனேன். ஆள் போட்டுட்டாங்கன்னு ஒன்கிட்டச் சொன்னேன். தேதி தாண்டிப் போனேன்னு சொல்லல. வேல போனது என்னாலதான்."

ரிஃபாத் பதிவேட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ஜெய்தூன் பீவி அந்தப் பள்ளிக்கூடத்துலதான கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்துச்சு. நாப்பது கழிஞ்ச அன்னைக்குப் புள்ளையப் பாக்க வந்தப்பச் சொல்லுச்சு. ஒங்க வீட்டுக்காரரு செவ்வாக்கெழம வந்து உறையோட நின்னாருன்னு."

"அப்பவே தெரியுமா? ஒரு வார்த்த கேக்கலையே."

"நானாக் கேட்டா நீங்க ஆமாம்பீங்க. அது எனக்கு எதுக்கு? நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன்."

ஆசாத் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "கோவமா இருக்கியா?"

"கோவம் அந்த வருசமே போயிருச்சு. இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு பாருங்க, அதுதான் போகல. சோறு போடயில நீங்க தலையத் தூக்கிப் பாத்தாப் போதும், இந்தா சொல்லப் போறாருன்னு கரண்டியோட நிப்பேன்." அவள் பதிவேட்டின் முனையை மடித்து விட்டாள். "வெஞ்சனத்துல உப்புக் கம்மிம்பீங்க."

ஆசாத் அழுதார். தெரு வாசல், யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பெல்லாம் வரவில்லை. தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எத்தனை சாப்பாட்டு வேளை, எத்தனை முறை தலை நிமிர்ந்திருப்பார், எத்தனை முறை அவள் கரண்டியோடு நின்றிருப்பாள் என்று நினைக்க நினைக்க அழுகை அதிகமானது.

"என்னய மன்னிச்சிரு" என்றார்.

தெருமுனையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக நாலைந்து பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ரிஃபாத் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். குனிந்து அவர் தோளில் கை வைத்தாள். கை கனமாகவும் இல்லை, விலகலாகவும் இல்லை.

"மன்னிப்பேன். அவசரப்படுத்தாதீங்க" என்றாள். "சொல்றதுக்கு நீங்க எடுத்துக்கிட்டதுல பாதியாவது எனக்கு வேணுமுல்ல?"

பிறகு வாசலுக்கு வந்துவிட்ட பிள்ளைகளிடம், செருப்பை வரிசையாக விடச் சொல்லி, அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.